பண்ணை நாய்க்குக் கழிப் பயிற்சி

பண்ணைக் கணக்கு எழுதும் உழவர்கள் உழவு மாட்டுக்கு ஒரு பக்கம், கறவை மாட்டுக்கு ஒரு பக்கம், ஆட்டுக்கு ஒரு பக்கம் என ஒதுக்குவது உண்டு. நாய்க்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. ஆனால் மோட்டார்க் கொட்டகையில் செப்புக் கம்பி களவு போகாமல் இருப்பதற்கும், முற்றிய நிலக்கடலைக் கொல்லையில் இரவில் பன்றி இறங்காமல் இருப்பதற்கும், பட்டியில் அடைத்த ஆடு காலையில் எண்ணிக்கை குறையாமல் இருப்பதற்கும் பல இடங்களில் அந்தக் கணக்கில் வராத நாயே காரணம். கூலி வாங்காத இந்த வேலையாளின் கால்களைப் பற்றியதே இக்கட்டுரை.

உழவியல் பாடம் நடத்துபவன் நாயைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். உத்திரமேரூர் வட்டாரத்தில் மாணவர்களுடன் வயல் வயலாகச் செல்லும் பொழுது பயிரோடு சேர்ந்து கண்ணில் படுவது கிணற்று மேட்டில் கட்டிக் கிடக்கும் நாய்தான். பகல் முழுவதும் ஒன்றரை மீட்டர் சங்கிலியில் படுத்துக் கிடக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு அவிழ்த்து விட்டவுடன் உடம்பு சூடேறுவதற்கு முன்பே நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது, வரப்பில் இடறுகிறது, வாய்க்காலைத் தாண்டும் பொழுது காலைச் சுளுக்கிக் கொள்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் பின்தொடை வற்றி, எழும் பொழுது இடுப்பு ஆடத் தொடங்குகிறது. "இதற்கு வயதாகி விட்டது" என்று முடிவு கட்டி, கொண்டுபோய் ஏதாவது ஒரு கூட்டுரோட்டில் விட்டுவிட்டுப் புதுக் குட்டி வாங்குவோரும் உண்டு. விடப்பட்ட நாய் தெருநாய்க் கூட்டத்தில் சேர்ந்து, தடுப்பூசி இன்றித் திரிந்து, ஊருக்கே இடர் ஆகிறது. உண்மையில் அதற்கு வயதாகவில்லை. நாட்டு நாய் நல்ல பராமரிப்பில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நான்கு வயது என்பது அதன் நடுப் பருவம்கூட அல்ல.

ஓட்டம் நின்றுபோன நாய்கள்

நம் நாட்டு இனங்கள் ஓடுவதற்கென்றே உருவானவை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஒட்டிய வயிறும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் உடையவை. கோம்பை சற்றுக் கட்டுமுட்டான உடல்வாகு. தென் மாவட்டங்களில் முயலையும் பன்றியையும் துரத்தியே இவற்றின் உடம்பு உரம் பெற்று வந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் அந்த வேட்டை குற்றம் ஆயிற்று. அது சரியான சட்டமே; முயல் பிடிக்க நாயை ஏவுவது இன்றும் தண்டனைக்கு உரியது. ஆனால் வேட்டை நின்ற இடத்தில் நாய்க்கு வேறு ஓட்டம் எதையும் நாம் கொடுக்கவில்லை. சங்கிலியைக் கொடுத்தோம்.

2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. 2020-ஆம் ஆண்டு கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளச் செயலகம் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்று. அவற்றுள் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மாநிலத்தவை, மூன்றாவது கருநாடகத்து முதோள். இவ்வளவு பெருமை சேர்ந்த பின் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துப் பண்ணைகளிலும் இவ்வினக் குட்டிகளை விலை கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். பெருமைக்கு வாங்கிக் கட்டிப் போடுவதைக் காட்டிலும், சாதாரண ஊர் நாயை வளர்த்து நன்றாக நடக்க வைப்பது மேல் என்பது என் கருத்து. கீழே சொல்லும் பயிற்சி இரண்டுக்கும் பொது.

இன்னொன்றையும் உழவர்கள் அறிந்திருத்தல் நலம். 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதும், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டி வைப்பதும் வதை எனவே கூறப்பட்டுள்ளன.

தாழ்ந்த கழியின் வேலை

தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வரிசையாகக் கழிகளை வைத்து அவற்றின் மேல் விலங்கை மெல்ல நடத்திச் செல்லும் முறை குதிரைப் பயிற்சியிலிருந்து வந்தது. இத்தாலியர்கள் இதனைக் 'காவலெட்டி' என்பர். 'சிறு குதிரைகள்' என்பது பொருள். மரம் அறுக்கும் பொழுது தாங்கலாக வைக்கும் கால்சட்டத்தை நாம் 'குதிரை' என்கிறோம் அல்லவா, அதே பெயர்தான். பின்னர் இது நாய்களுக்கும் வந்தது. 1978-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் போல நாய்களை ஓடவிட்டு வேடிக்கை காட்டினார்கள். அது இன்று பல நாடுகளில் ஒரு விளையாட்டாக வளர்ந்துவிட்டது. நமக்கு அந்தப் போட்டி தேவையில்லை. அதில் ஓடும் நாய்களின் உடம்பைத் தயார் செய்வதற்கும், அடிபட்ட நாய்களைத் தேற்றுவதற்கும் பயன்படுத்தும் தாழ்ந்த கழிகளும் கூம்புகளும் மட்டும் போதும்.

நிற்கும் நாயின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்களும் நாற்பது பங்கைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ஓடுவதற்கு உந்தும் விசையோ பின்னங்காலிலிருந்தே கிடைக்கிறது. கட்டிக் கிடக்கும் நாய் எழுந்து, சங்கிலி இழுக்கும் மட்டும் வந்து, மார்பை முன்னே தள்ளிக் குரைத்துவிட்டு மீண்டும் படுக்கிறது. இதில் பின்தொடைக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத தசை வற்றுகிறது. தசை வற்றியபின் மூட்டைத் தாங்குவது எலும்பும் நாரும்தான், அவை தேய்கின்றன.

கழி வரிசையில் நடக்கும் நாய் ஒவ்வொரு காலையும் வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி, மடக்கி, நிதானித்து வைக்க வேண்டியிருக்கிறது. இடுப்பு, முழங்கால், கணு ஆகிய மூட்டுகள் முழு அளவில் மடங்கி நீள்கின்றன. வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன. இவை யாவற்றையும் விட முக்கியமானது, தன் பின்னங்கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு நாய்க்குக் கூர்மை அடைவதாகும். முன்னங்கால் வைக்கும் இடத்தை நாய் கண்ணால் பார்க்கிறது. பின்னங்கால் வைக்கும் இடத்தை அது பார்ப்பதில்லை, உணர்ந்தே வைக்கிறது. இரவில் வரப்பிலும் வாய்க்காலிலும் இடறாமல் ஓடுவதற்கு இந்த உணர்வே துணை.

உயரத் தாண்ட வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று இளைஞர்கள் கேட்பார்கள். அல்ல. உயரத்திலிருந்து இறங்கும் பொழுது உடல் எடை முழுவதும் முன்னங்கால் மணிக்கட்டிலும் தோளிலும் அடியாக விழுகிறது. தாழ்ந்த கழியில் அந்த அடி இல்லை. நாய் தாவுவதே இல்லை, நடந்தே கடக்கிறது. தாவினால் பயிற்சி தவறுகிறது என்று பொருள்.

செலவில்லாத சாமான்கள்

சொட்டுநீருக்கோ மோட்டாருக்கோ வாங்கி மிஞ்சிய ஒரு அங்குல பி.வி.சி. குழாய் மிகவும் ஏற்றது. ஆறு மீட்டர் குழாய் ஒன்றை ஐந்தாக அறுத்தால் 1.2 மீட்டர் நீளத்தில் ஐந்து கழிகள் கிடைக்கும். அறுத்த முனையை அரத்தால் தேய்த்து மழுப்பி விடுக. குழாய் இல்லையேல் கட்டைவிரல் பருமனுள்ள சவுக்குக் கழி போதும். பட்டையைச் சீவி, சிம்பு இல்லாமல் வழித்துக் கொள்ள வேண்டும். மூங்கில் வெடித்தால் பிளவு கத்தி போல் வெட்டும். அதனைத் தவிர்ப்பது நல்லது.

கழியின் நிறமும் கவனிக்கத் தக்கது. நாயின் கண்ணுக்கு மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல மங்கலாகத் தெரிகின்றன. ஆகவே புல் தரையில் சிவப்புக் கழி வைத்துவிட்டு "நாய் தட்டுகிறதே" என்று நொந்துகொள்ள வேண்டாம். வெள்ளை, மஞ்சள் அல்லது நீல வண்ணம் ஒரு பட்டை அடித்தால் போதும்.

கழியைத் தாங்குவதற்குச் செங்கல். படுக்க வைத்தால் ஏறத்தாழ 7 செ.மீ. உயரம், பக்கவாட்டில் நிறுத்தினால் ஏறத்தாழ 10 செ.மீ. கழியைச் செங்கல்லோடு கட்டக் கூடாது. நாயின் கால் பட்டால் கழி உருண்டு விழ வேண்டும். விழாத கழி காலை முறிக்கும். ஆனால் தரையிலேயே கிடத்தும் கழி உருளக் கூடாது. உருளும் கழியை நாய் மிதித்தால் கால் வழுக்கிப் பிசகும். அதற்குக் களைக்கொத்தால் ஒரு விரற்கடை ஆழத்திற்குக் கீறிக் கழியைப் பாதி பதிய வைத்துவிட்டால் சரியாகிவிடும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட வேண்டாம்.

கூம்பு என்பது சாலை வேலை நடக்கும் இடங்களில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்புதான். கடையில் விளையாட்டுச் சாமான்களோடு சிறியதாகவும் கிடைக்கும். அதற்கும் செலவு செய்ய விருப்பமில்லாதோர் ஓட்டைக் குடம், கவிழ்த்த பூந்தொட்டி, மணல் நிரப்பிய எண்ணெய் டப்பா எதையும் வைக்கலாம். நாய் சுற்றிப் போவதற்கு ஓர் அடையாளம் வேண்டும், அவ்வளவே. பூச்சிமருந்து டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் நாய் அதை நக்கத்தான் செய்யும்.

இடம்

இந்த ஒன்றில் உழவியல் படித்தவன் சற்று அதிகமாகவே பேச உரிமை உண்டு என நினைக்கிறேன். சம்பா அறுவடை முடிந்த களிமண் வயலைப் பலர் காட்டுவார்கள். பார்க்கச் சமமாக இருக்கும். ஆனால் மாசி, பங்குனியில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் நாயின் விரல் சிக்கினால் நகம் பெயரும். தாள் கட்டை உள்ளங்காலைக் குத்தும். சிமென்ட் களம் கூடாது. அதில் பிடிப்பும் இல்லை, மென்மையும் இல்லை, வெயிலும் இறங்காது. நிலக்கடலை பிடுங்கிய மணற்பாங்கான செம்மண் நிலத்தை ஒரு முறை பரம்படித்து இறுக்கினால் அதைவிடச் சிறந்த தரை கிடையாது. அது இல்லாதவர்கள் தென்னந்தோப்பில் மட்டை இல்லாத ஒரு சந்தைத் துப்புரவு செய்து கொள்ளலாம். ஆற்று மணல் போன்ற ஆழ்மணல் புதிய நாய்க்கு ஆகாது. கால் புதைந்து நார்கள் இழுபடும்.

நெருஞ்சியும் சீமைக் கருவேலும் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். நெருஞ்சி காய்த்த பின் செடியைப் பிடுங்கினாலும் முள் தரையில் தங்கிவிடும். ஆகவே பூக்கும் பருவத்திலேயே அகற்றுக. களைக்கொல்லி தெளித்த வரப்பு, குருணை மருந்து இட்ட பாத்தி, எலிக்கு நச்சுத் தீனி வைத்த இடம் ஆகியவற்றின் பக்கமே நாயைக் கொண்டு போகக் கூடாது. பயிற்சி முடிந்த நாய் முதலில் செய்வது தன் பாதத்தை நக்குவதுதான்.

இடைவெளி: நடவு போலத்தான்

நெல்லுக்கு வரிசை நடவில் இடைவெளி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கழிகளுக்கு இடையிலான தூரம். ஒரே வேறுபாடு, இங்கே இடைவெளியைப் பரிந்துரைப் புத்தகம் சொல்வதில்லை. நாயின் உயரம் சொல்கிறது.

நாயைச் சுவர் ஓரமாக நிறுத்தி, தோள்பட்டையின் உச்சிக்கு மேல் ஒரு பட்டைக் கழியைச் சமமாகப் பிடித்துச் சுவரில் கோடு போடுக. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரமே தொடக்க இடைவெளி. நாயின் தோள் உயரம் 60 செ.மீ. என்றால் கழிக்குக் கழி 60 செ.மீ. நான்கு கழிகளுக்கு மூன்று இடைவெளி. மொத்தம் 180 செ.மீ. முதல் கழிக்கு முன்னும் கடைசிக் கழிக்குப் பின்னும் மூன்று நான்கு மீட்டர் நேரான வெற்றிடம் வேண்டும். நடவுக் கயிற்றை இழுத்துக் கட்டி அடையாளம் செய்துகொண்டால் வரிசை கோணாது.

இந்த இடைவெளி தொங்கோட்டத்திற்கு உரியது. நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டத்தையே தொங்கோட்டம் என்கிறேன். வேலை மெனக்கெட்டு எங்கோ போகும் நரி ஓடுமே, அந்த ஓட்டம். அதில் இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக எழும். அடுத்து மற்ற இரண்டும் ஒன்றாக எழும். நான்கு காலுக்கும் வேலை சமமாகப் பங்கிடப்படுவதால் பயிற்சிக்கும் குறை கண்டுபிடிப்பதற்கும் இதைவிட நல்ல ஓட்டம் இல்லை. வெறும் நடைக்கு இடைவெளியைச் சற்றுக் குறைத்துக் கொள்ளலாம்.

சரியாக அமைந்துவிட்டதா என்பதைத் தரையே காட்டும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு முன்னங்கால் தடமும் ஒரு பின்னங்கால் தடமும் விழுந்திருந்தால் அளவு சரி. இடையில் ஒரு குட்டி அடி கூடுதலாக விழுந்தால் இடைவெளி அகலம், 5 செ.மீ. குறைக்க வேண்டும். இரண்டு கழியை ஒன்றாகச் சேர்த்துத் தாவினால் இடைவெளி குறுகல், அல்லது நாயை நீங்கள் விரட்டுகிறீர்கள். பெரும்பாலும் இரண்டாவதே காரணம்.

பழக்கும் முறை

முதல் வாரம் நான்கு கழிகளையும் தரையிலேயே பதித்து, தளர்வான கயிற்றில் மெல்ல நடத்துக. கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றி வரும் வார் நல்லது. நீங்கள் கழிகளுக்கு வெளியே பக்கத்தில் நடக்க வேண்டும். நாய் நடுவில் வரவேண்டும். தீனி காட்டி அழைப்பதானால் கையை நாயின் மூக்கு மட்டத்திற்குக் கீழே பிடிக்க வேண்டும். கையை மேலே தூக்கினால் நாய் தலையைத் தூக்கும். தலை எழுந்தால் முதுகு குழியும். பின்னங்கால் கழியைத் தட்டும். வேகவைத்த முட்டைத் துண்டு, உப்பில்லாத இறைச்சித் துண்டு, கேழ்வரகுக் களி உருண்டை எதுவும் ஆகும். அதை அன்றைய உணவில் கழித்துக் கொள்ள வேண்டும்.

சில நாய்கள் முதல் நாள் கழியைக் கண்டு பின்வாங்கும். இழுக்கவோ அடிக்கவோ வேண்டாம். மூன்று கழிகளை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை வைத்து அதைச் சுற்றித் தீனியை இறைத்துவிட்டால் ஒரு நாழிகையில் அச்சம் தெளிந்துவிடும். வெள்ளை நிற இராசபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. கூப்பிட்டால் திரும்பாத நாயை அடம் என்று எண்ணிவிடாமல், பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். அத்தகைய நாய்க்குக் கைச்சாடை காட்டியே எல்லாவற்றையும் பழக்கலாம்.

இரண்டாம் வாரம் அதே கழிகளைத் தொங்கோட்டத்தில் கடக்கப் பழக்குக. மூன்றாம் வாரம் ஒவ்வொரு கழிக்கும் ஒரு முனையை மட்டும் செங்கல்மேல் ஏற்றுக. முதல் கழிக்கு இடது முனை, அடுத்ததற்கு வலது முனை என மாற்றி மாற்றி. நாய் தானாகவே நடுவில் வரத் தொடங்கும். நான்காம் வாரம் இரு முனையும் படுக்கைச் செங்கல்மேல். அதற்கு மேல் எவ்வளவு உயர்த்தலாம் என்றால், முன்னங்காலின் மணிக்கட்டு மூட்டுக்குக் கீழாகவே நிற்க வேண்டும். பெரும்பாலான நாட்டு நாய்களுக்குப் படுக்கைச் செங்கல்லே போதுமானது. உயரத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழியின் எண்ணிக்கையை ஐந்து, ஆறு எனக் கூட்டுவது நலம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? ஐந்து நிமிடம் சாதாரண நடையில் உடம்பைச் சூடேற்றியபின், நான்கு முறை கழி வரிசையைக் கடத்தி, இரண்டு நிமிடம் ஓய்வு தந்து, மீண்டும் நான்கு முறை. பிறகு ஐந்து நிமிட நடை. அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். தசை வளர்வது ஓய்வு நாளில்தான். இடைப்பட்ட நாள்களில் வரப்போரமாக அரைமணி நேரம் உங்களோடு நடக்கட்டும். கழிப் பயிற்சி அந்த நடைக்குப் பதில் ஆகாது.

கூம்புகளைச் சுற்றி

கழி நேர்க்கோட்டில் வேலை வாங்குகிறது. கூம்பு வளைவில் வேலை வாங்குகிறது. ஆட்டை மறிக்கும் நாயும் பன்றியின் முன் விலகும் நாயும் சட்டென்று திரும்ப வேண்டும். திரும்பும் பொழுது உட்புறக் கால்களில் எடை விழுகிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. பழக்கமில்லாத நாய் இந்த இடத்தில்தான் அடிபடும்.

ஐந்தாறு கூம்புகளை ஒரே வரிசையில், நாயின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளியில் வைத்து, இடமும் வலமுமாகப் பின்னல் போட்டாற்போல் நடத்திச் செல்க. இது நடையிலேயே செய்ய வேண்டியது, ஓட்டம் வேண்டாம். அடுத்து, இரண்டு கூம்புகளை மட்டும் மூன்று மீட்டர் தள்ளி வைத்து எட்டு என்ற எண் வடிவில் சுற்றி வரச் செய்க. தொடக்கத்தில் வட்டம் பெரிதாக இருக்கட்டும். பழகப் பழகச் சுருக்கலாம். இடப்பக்கம் எத்தனை சுற்றோ அத்தனை சுற்று வலப்பக்கமும் கட்டாயம். செக்கு மாடுபோல ஒரே பக்கம் சுற்றினால் ஒரு பக்கத் தசை மட்டுமே வளரும்.

ஏறக்குறைய எல்லா நாய்க்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் சற்று விறைப்பாகவும் இருக்கும். நமக்கு வலக்கை, இடக்கை போல. அந்த வேறுபாடு ஒரு மாதத்தில் குறைய வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் அங்கே வலி இருக்கிறது.

கழி சொல்லும் செய்தி

இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய பயன் தசை அல்ல, கண்டுபிடிப்பு என்றே கூறுவேன். நாய் வலியை மறைக்கும் விலங்கு. கொட்டகையைச் சுற்றித் திரியும் பொழுது ஒன்றும் தெரியாது. கழி வரிசை மறைக்க விடாது. உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் உழவர் வளர்த்த சிப்பிப்பாறைக் கலப்பு நாய் ஒன்று, எந்தக் கழியையும் தட்டாமல் கடந்து வந்தது, திடீரென்று இடது பின்னங்காலால் மட்டும் தட்டத் தொடங்கியது. நான்கு கழியிலும் அதே கால். வேறு எந்த நொண்டலும் இல்லை. விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்ததில் கருவேல முள் முறிந்து உள்ளே சீழ் வைத்திருந்தது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் அந்தக் கால் வீங்கி, நாயும் "வயதானது" பட்டியலில் சேர்ந்திருக்கும்.

எந்தக் கால் தட்டுகிறது, எந்தத் திருப்பத்தில் தயங்குகிறது, தலை எந்தக் கால் ஊன்றும் பொழுது மேலே எழுகிறது என்பவற்றைக் கவனித்துக் குறித்து வையுங்கள். முன்னங்காலில் வலியுள்ள நாய் அந்தக் கால் தரையில் படும் பொழுது தலையைத் தூக்கும். ஒரே கால் இரண்டு நாள் தொடர்ந்து தட்டினால் பயிற்சியை நிறுத்திவிட்டு, பாதம், விரலிடுக்கு, நகம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றும் தென்படாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதர்களுக்கு உரிய வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாயின் உயிரைக் குடித்துவிடும்.

பின்னங்கால் இரண்டுமே தளர்ந்து, ஈறு வெளுத்து, நாய் சோர்ந்திருந்தால் அது தசைக் குறைவாக இல்லாமல் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் பகுதியில் இது மிகுதி. காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி தேடுக. இத்தகைய நாயைக் கழியில் ஏற்றுவது கொடுமை, முதலில் மருத்துவம்.

வெயில்

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. ஆகவே பயிற்சி விடியற்காலையில்தான். மாலையில் தரை ஆறாது. புறங்கையைத் தரையில் வைத்துப் பத்து எண்ணும் வரை பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. கத்தரி வெயில் நாள்களில் சூரியன் எழுமுன் முடித்துவிட வேண்டும். புழுக்கம் மிகுந்த நாளில் விட்டுவிடலாம், குறைவில்லை.

நாக்கு அகன்று நீண்டு தொங்குதல், நூல் நூலாக எச்சில், செக்கச் சிவந்த ஈறு, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ப் போர்செட்டுத் தண்ணீரை உடம்பு முழுவதும் விட்டுக்கொண்டே விசிற வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, அது தவறு. போர்த்திய சாக்கு சிறிது நேரத்தில் சூடாகி உள் வெப்பத்தை அடைத்துக் கொள்கிறது. முதலில் குளிர்விப்பு, பிறகு மருத்துவமனைப் பயணம் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

தீனி போட்ட இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் பயிற்சி ஆகாது. ஆழ்ந்த மார்புடைய நம் நாட்டு இனங்களில் இரைப்பை ஊதி முறுக்கிக் கொள்ளும் நோய் வரக்கூடும். அது சில மணி நேரத்தில் கொல்லும். பயிற்சி முடிந்து இரைப்பு அடங்கிய பின் தண்ணீர் சிறிது சிறிதாக வைக்க வேண்டும். தீனி ஒரு மணி கழித்து.

சிலவற்றிற்குத் தனிக் கவனம்

குட்டிகளின் எலும்பு முனையிலுள்ள வளர் குருத்து ஓராண்டு வரையிலும், பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டு வரையிலும் முற்றாது. அதுவரை தரையில் பதித்த கழிகளும் அகன்ற கூம்பு வட்டங்களும் மட்டுமே. நான்கைந்து மாதக் குட்டிக்கு அது விளையாட்டாகவே இருக்கும். கிழ நாய்க்கும் அவ்வாறே: தரைக் கழி, நடை மட்டும், இரண்டு முறை போதும். மூட்டு வீக்கம் உள்ளதற்கு மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். சினைப்பட்ட நாய்க்குச் சாதாரண நடையே பயிற்சி.

கொழுத்த நாயைக் கழியில் ஏற்றி இளைக்க வைக்கலாம் என்று எண்ணுவது தலைகீழ் வழி. முதலில் சோற்றைக் குறைக்க வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்துத் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி இனங்களில் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இயல்பு. விருந்தாளி யாரோ "பட்டினி போடுகிறீர்களா" என்று கேட்டார் என்பதற்காக அவற்றைக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பிறகு மருத்துவர் சொல்லும் தவணைகளும் ஆண்டுதோறும் மறு ஊசியும் போடாத நாயைப் பயிற்சிக்கென்று நாலு பேர் நடமாடும் இடத்திற்குக் கொண்டு வருவது பொறுப்பற்ற செயல். நெல் வயல் எலி மூலம் பரவும் எலிக் காய்ச்சலுக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. ஈர வயலில் திரியும் நாய்க்கு அது அவசியம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கொண்டால் தரை வழுக்கும். அந்நாள்களில் உயர்த்திய கழிகளை எடுத்து வைத்துவிடுங்கள். மாட்டுக் கொட்டகையின் காய்ந்த மண் தரையில் இரண்டு கழியும் இரண்டு பூந்தொட்டியும் வைத்து, நடையில் பத்து நிமிடம் பழக்கினால் தசை வற்றாது. மழை விட்டபின் மீண்டும் முதல் வாரத்துப் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.